ஜெயலெட்சுமி கேட்ட கொத்துக்கறி ரொட்டி

புதன்கிழமை சாயங்காலம், இரண்டாவது தடவையாக ஜெயலெட்சுமி ரொட்டியைத் தட்டோடு தள்ளிவிட்டாள்.

"இது அது இல்லீங்க" என்றாள். கடித்தது ஒரே ஒரு வாய். அதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

பினாங்கு டிராம் கண்டக்டர் பக்கிரிசாமி தட்டையும் பார்த்தான், ஓடுகிற மனைவியையும் பார்த்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் சின்னையா இதற்கென்றே காத்திருந்தவர்போலத் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, சனிக்கிழமை கப்பல். அதுக்குள்ள அவ வயித்துல ஒரு வேளை சாப்பாடு தங்கினா இங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா நாகப்பட்டினம்தான். எங்கம்மா பார்த்துக்குவாங்க."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே, மச்சான்."

"எங்கேயிருக்கு ரெண்டு? நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. உங்க வீட்டு அடுப்புல வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி ஏறுமா?"

ஏறாது. கல்யாணமான நாளாக ஏறியதில்லை. ஆக, மிச்சம் இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான்.

ஜெயலெட்சுமிக்கு இது மூன்றாவது மாதம். பன்னிரண்டு நாளாகக் கஞ்சி தங்கவில்லை, ரசம் தங்கவில்லை, வெறும் சோற்று வாசனைக்கே குமட்டியது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. இந்த உடம்போடு ஒரு வாரம் கடலில் போவதா? போனால் பிள்ளை பெற்று, அது தவழ்ந்து நடந்த பிறகுதான் திரும்புவாள். பக்கிரிசாமிக்கு அவளை அனுப்ப மனமில்லை. அவளும் போகமாட்டேன் என்று அழுதாள். "ஆ செங் கடை கொத்துக்கறி ரொட்டி மட்டும் கிடைச்சா தின்னுடுவேங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆ செங் கடைதான் இல்லையே! பினாங்கு ரோட்டில் இருந்த அந்தச் சாப்பாட்டுக்கடையைச் சீனப் பெருநாளோடு மூடிவிட்டு, ஆ செங் தன் ஹைனான் தீவுக்கே கப்பல் ஏறிவிட்டான். புதுசாகக் கல்யாணமானபோது சனிக்கிழமை தவறாமல் படம் பார்த்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே போய்விடுவார்கள். வட்ட ரொட்டியை இரண்டாகப் பிளந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப் பொரித்த கொத்துக்கறியை நடுவில் வைத்து, மேலே சிவக்க வதக்கிய வெங்காயம், அதன்மேல் கறுப்பு சாஸ். கடித்தால் சாறு முழங்கைவரை வழியும்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் பக்கிரிசாமி சவுரஸ்தா பசாரில் நின்றான். மத்தியான முறைதான் வேலை; அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

"என்னா தம்பி, மூணாவது நாளா கொத்துக்கறி?" என்றார் இறைச்சிக்கடை ராவுத்தர். "வீட்டுல புலி கிலி வளக்கிறியா?"

பக்கிரிசாமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "ஆ செங் உங்ககிட்டத்தானே அண்ணே கறி வாங்குவான்? நானும் அதே கறிதான். அதே ரொட்டி, அதே சாஸ், அதே மிளகு. பழைய ரொட்டியை ஊறவச்சுப் பிசையுறதைக் கடையிலேயே பார்த்திருக்கேன், அதையும் போட்டேன். சட்டியில போட்டதும் மணல் மாதிரி உதிருது. நேத்து கடலைமாவு போட்டுப் பிடிச்சேன். வடையாப் போச்சு!"

ராவுத்தர் கத்தியை நிறுத்தினார். "கறியை எத்தனை தண்ணியில கழுவுறே?"

"நாலு. மஞ்சத்தூள் போட்டு ரெண்டு, சும்மா ரெண்டு. தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும்."

"கொத்தின பிறகா?"

"பின்னே? கழுவாம எப்படி?"

ராவுத்தர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அட கிறுக்கா! ருசியையெல்லாம் சாக்கடைக்கு ஊத்திட்டு, சக்கையைப் பொண்டாட்டிக்குக் குடுத்திருக்கியே! ஆ செங் துண்டாத்தான் வாங்குவான். கொழுப்பை எடுக்கவிட மாட்டான். தானே கொத்துவான். ஒரு சொட்டுத் தண்ணி காட்டமாட்டான்லா!"

பக்கிரிசாமிக்கு உடம்பு கூசியது. "கழுவாத கறியையா நாங்க தின்னோம்?"

"தின்னே. விரலைச் சப்பிச் சப்பித் தின்னே."

தொடைக்கறியைக் கொழுப்போடு வாங்கி வாழையிலையில் சுருட்டிக்கொண்டு, சுங்கை பினாங்கில் இருந்த வீடு வரை அவன் நடக்கவில்லை, ஓடினான்.

அடுப்படியில் சின்னையா ஒரு வாளி நிறையத் தண்ணீரும் மஞ்சள்தூள் டப்பாவுமாக நின்றார்.

"கொண்டாங்க மாப்ள. இன்னைக்கு நான் கழுவித் தர்றேன். நீங்க சரியாக் கழுவலை, அதான் அவளுக்குக் குமட்டுது."

"வேண்டாம் மச்சான்! பசார்லேயே ஆச்சு."

"ரத்தம் தெரியுதே?"

"அது சாஸ், மச்சான்."

"பசார்லேயே சாஸும் போட்டாங்களா?"

"புதுப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு கொத்த ஆரம்பித்தான். கத்தி தடதடவென்று பலகையில் இறங்கியது. மிளகு, உப்பு, வெங்காயம், ஊறிய ரொட்டி. பிசைந்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது. இன்று கறி ஒட்டிப் பிடித்தது! தட்டினால் தட்டின வடிவில் நின்றது. சட்டியில் போட்டதும் சுர்ரென்று கொழுப்பு உருகி ஓரமெல்லாம் மொறுமொறுவென்று சிவந்தது. அவன் பக்கத்திலேயே வெங்காயத்தையும் போட்டான்.

"என்னங்க அது?"

திரும்பினான். படுக்கையைவிட்டு எழுந்து ஜெயலெட்சுமி அடுப்படி வாசலில் நின்றாள். பன்னிரண்டு நாளாக இந்தப் பக்கமே தலைகாட்டாதவள். மூக்கைப் பொத்தவில்லை. மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"குடுங்க" என்றாள்.

"வெங்காயம் இன்னும் வதங்கலை..."

"குடுங்கன்னேன்!"

சாஸை ஊற்றி நீட்டினான். நின்றபடியே கடித்தாள். சாறு மணிக்கட்டில் வழிந்தது. இரண்டாவது கடி. மூன்றாவது. கண்ணில் நீர் கோத்தது. கடைசித் துண்டும் உள்ளே போயிற்று.

"இதுதாங்க! இதேதான்! இன்னைக்கு என்ன போட்டீங்க?"

"புதுசா ஒண்ணும் போடலை" என்றான். அது சத்தியமான வார்த்தை.

"இருங்க, இருங்க" என்றார் சின்னையா. "தங்கணும்ல? அதைப் பார்ப்போம்."

மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். டிராம் ஒன்று மணியடித்துப் போயிற்று. இன்னொன்று போயிற்று. ஜெயலெட்சுமி வயிற்றில் கை வைத்தபோது பக்கிரிசாமி பாதி எழுந்துவிட்டான். அவள் ஒரு ஏப்பம் விட்டாள். மூன்றாவது டிராமும் போனது.

"அடுப்பு அணைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஏன் புள்ள?"

"இன்னொண்ணு வேணும். வெங்காயம் நிறைய."

பக்கிரிசாமி அடுப்படிக்குப் பாய்ந்தான். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. சின்னையா சட்டையை மாட்டிக்கொண்டார். முகத்தை உர்ரென்று வைத்திருந்தாலும் உதடு சொன்னபடி கேட்கவில்லை.

"கப்பல் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வர்றேன் மாப்ள. ஒரு ஆள் வரலைன்னு சொல்லணும்."

"அண்ணே" என்று கூப்பிட்டாள் ஜெயலெட்சுமி, "வர்றப்ப ரொட்டி வாங்கிட்டு வாங்க. ஆறு."

"ஆறா? உனக்கேவா?"

"உங்களுக்கு வேணும்னா எட்டு."

சின்னையா படியில் நின்று அடுப்படிப் பக்கம் மூக்கைத் திருப்பினார். "பத்தா வாங்கிடுறேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிராமுக்கு ஓடினார்.