அப்பாவுக்குத் தெரியாது

அட்டை கையைவிட்டுப் போன பிறகுதான், தான் என்ன எழுதினோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கழுத்துப் பட்டையில் அவள் பதவி 'விருந்தினர் ஒருங்கிணைப்பாளர்'. செட்டில் எல்லோருக்கும் அவள் தேன்பாட்டில். குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் டிவி நிகழ்ச்சி அது. வருகிறவர்களை ஒப்பனை அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கூடப் பிறந்தவள் மாதிரி பேச்சுக் கொடுத்து, எங்கே தொட்டால் உடைவார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடித்ததை மஞ்சள் அட்டையில் மூன்று வரி எழுதித் தர வேண்டும். நிகழ்ச்சியை நடத்தும் மேடம் அதை மூன்றாம் பகுதி வரை மடியில் வைத்திருந்து, ஆற அமரப் போட்டு உடைப்பார். ஆறு வருடத்தில் அவள் எழுதிய ஒரு அட்டைகூட வீணானதில்லை.

இன்று வந்திருந்தவர்கள் ஒரு தையற்காரரும் அவர் மகளும். தாய் இறந்த ஒரே வாரத்தில் மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் போனாள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நிகழ்ச்சிக்குக் கடிதம் போட்டது அவர்தான்.

காரணத்தை மகள் ஒப்பனை நாற்காலியில் சொல்லிவிட்டாள்.

"நான் ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்கறேன்க்கா. அம்மாவோட ரிப்போர்ட்ட டைப் பண்ணினதே நான்தான். அப்பாகிட்ட சொல்லாதே, மனுஷன் இடிஞ்சுபோயிடுவார்னு அம்மா சொன்னாங்க. ஏழு மாசம் சொல்லல. அவர் இன்னும் அது திடீர்னு வந்த நோய்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கார். அவர் மூஞ்சியப் பாக்க முடியல, போயிட்டேன். ஒருநாள் நானே சொல்லணும். இங்க வேணாம்."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதும்மா" என்றாள் தேன்பாட்டில்.

வாயிலிருந்து வரவில்லைதான். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே கை எழுதிவிட்டது. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற கை, குழந்தை தூங்கிய பிறகும் தட்டிக்கொண்டே இருக்குமே, அப்படி. கடைசி வரி: அப்பாவுக்குத் தெரியாது. அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு. வழக்கம்போல வாசலில் நின்ற செட் மேனேஜரிடம் கொடுத்தாள். திரும்பினால் அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொன்னதே பாதி பாரம் கொறஞ்ச மாதிரி இருக்குக்கா."

முதல் பகுதியில் அப்பா மட்டும். இரண்டாவதில் மகள் மட்டும். மூன்றாவதில்தான் எதிரெதிரே உட்காரவைப்பார்கள். அதுவரை தனித்தனி அறை, கண்ணில் பட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டு பகுதி நேரம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள்.

"அண்ணே, அந்த அட்டை எங்க?" என்று செட் மேனேஜரைப் பிடித்தாள்.

"மேடம் கையில. ஏன், எழுத்துப் பிழையா?"

"திரும்ப வேணும்."

"முழுங்கின மாத்திரைய டாக்டர் திருப்பிக் கேட்ட மாதிரியில்ல இருக்கு? போய் டைரக்டர்கிட்ட கேளு."

டைரக்டர் திரைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து நிமிஷமா அந்த ஆள் பட்டன் தைக்கறதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கார். எனக்கே கொட்டாவி வருது. உன் அட்டை ஒண்ணுதான் இன்னைக்கு நம்மளக் கரையேத்தணும்."

"அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிச்சு சார்."

"சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கில்ல?"

"போட்டிருக்கு."

"அப்புறம் என்ன."

அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கழிவறை வரை இரண்டு முறை போய் உள்ளே போகாமல் திரும்பினாள். தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டுக் குடிக்க மறந்தாள். இரண்டாம் பகுதியில் மகள் எதற்கும் பிடிகொடுக்காமல், "எனக்கு அவர்மேல கோபம் ஒண்ணும் இல்லங்க" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். மேடம் அவசரப்படவில்லை. மடியில்தான் அட்டை இருக்கிறதே.

எட்டு நிமிட இடைவேளை விட்டார்கள். மேடம் பவுடர் போட முகத்தைக் கொடுத்திருந்தார். கெட்டவர் இல்லை. தேன்பாட்டிலின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தவர்.

"மேடம், அந்த விஷயம் மட்டும் வேணாம்."

"எழுதினது நீதானே? கோடு வேற போட்டிருக்கே."

"பழக்கதோஷம் மேடம்."

"இங்க பாரு. இன்னைக்கு வெளிய வரலன்னா அந்தப் பொண்ணு சாகற வரைக்கும் இதச் சுமக்கும். நாம எறக்கி வைக்கறோம். அழுதுட்டுப் போறவங்க எல்லாரும் நமக்கு நன்றிதானே சொல்றாங்க?"

சொல்கிறார்கள்தான். அழுத சூட்டோடு சொல்கிறார்கள். ஒளிபரப்பான மறுநாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்த மறுநாள், அவர்கள் கூப்பிடுவது மேடத்தை அல்ல, தேன்பாட்டிலை. ஒன்றிரண்டு அழைப்புக்கு மேல் அவளும் எடுப்பதில்லை.

மகளின் அறைக்கு ஓடினாள். சுற்றி வளைக்க நேரமில்லை.

"நான் எழுதிக் குடுத்துட்டேன்மா. இப்பக் கேக்கப் போறாங்க."

மகள் அவளையே பார்த்தாள். "நல்லாத்தான் பேசினீங்க" என்றாள்.

"பின்வாசல் இருக்கு. போயிடு."

"நான் போயிட்டா அவர்கிட்ட சொல்லிடுவாங்கல்ல?"

"சொல்லிடுவாங்க."

"அவர் எந்த ரூம்ல இருக்கார்?"

நடைவழியின் மறுகோடி. பாதி தூரம் போனபோதுதான் மகளின் இடுப்பில் மைக் பெட்டி பச்சையாக எரிவதைப் பார்த்தாள். இடைவேளையிலும் ஒலிப்பதிவு அறைக்கு எல்லாம் கேட்கும், வேண்டுமானால் பதிவும் ஆகும். அங்கேயே நிறுத்திக் கழற்றினாள். உள்ளே போய் அப்பாவின் காலரில் குத்தியிருந்த மைக்கில் கைவைத்தாள்.

"பாத்தும்மா, துணி இழுக்குது" என்று அவரே லாவகமாக எடுத்துக் கொடுத்தார். பிறகு வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். தேன்பாட்டில் வெளியே வந்து கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

காதுக் கருவியில் டைரக்டர், "ரெண்டு மைக்கும் செத்துப்போச்சு, யார் கழட்டினது?" என்றார். அதையும் காதிலிருந்து எடுத்துவிட்டாள். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அழுகை வந்தால் அடுத்து என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. அப்பா மட்டும் வந்தார்.

"மூணு தடவை அவங்கம்மா ரவிக்கையப் பிடிச்சுத் தெச்சுக் குடுத்தேன்" என்றார், அவள் ஏதோ கேட்டதுபோல. "சாப்பாட்டக் கொறச்சிருக்கேன்னா. நம்பினேன். என் கையாலதான் அளவெடுத்தேன். கைக்குக்கூடத் தெரியலயேம்மா." காலரைச் சரிசெய்துகொண்டார். "வெளிய போக வழி எது?"

காட்டினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். மகள் வாசற்படியிலேயே நின்றாள்.

"கூடப் போகலையா?"

"இன்னைக்கு வராதேன்னார்."

அவர் தெரு திரும்புகிற அளவுக்கு நேரம் விட்டு, மகளும் அதே வழியில் போனாள்.

செட் மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "எல்லாரும் ரெடி. எங்க அவங்க?"

"போயிட்டாங்க."

"போயிட்டாங்களா? யார் விட்டது?"

"நான்தான்."

அவர் செட் பக்கம் கைகாட்டினார். "உள்ள போய் மேடம்கிட்ட நீயே சொல்லு. நான் மாட்டேன்ப்பா."

அவள் திரையை விலக்கிக்கொண்டு போனாள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. ஆள் வந்தால் தட்ட வேண்டும் என்று பழக்கிவைத்திருந்த ஐம்பது பார்வையாளர்கள், அவளுக்குக் கைதட்டினார்கள்.