ஒட்டிக்கொண்ட பக்கம்

2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை. பெரம்பலூர் டவுனில் ஒரு மருத்துவமனையில், குரும்பலூர் கண்ணையன் மனைவி சிந்தாமணிக்கு ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. எடை இரண்டு கிலோ நானூறு கிராம். அன்று மதியம் கண்ணையனும் அவன் பங்காளி இளவரசனும் அதைப் புதுத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவந்து குளித்தார்கள்.

எங்கே வைத்தார்கள் என்று சிந்தாமணியிடம் யாரும் சொல்லவில்லை. அது அந்தக் குடும்பத்து வழக்கம். இப்படிப் போன பிள்ளையை ஆண்கள் இரண்டு பேர் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள். காரியம் கிடையாது, பெயர் கிடையாது, இடத்தைத் தாய்க்குக் காட்டுவதும் கிடையாது. காட்டினால் அவள் மனசு அங்கேயே சுற்றும், அடுத்தது தங்காது என்று கண்ணையனின் அக்கா ஜெகதாம்பாள் சொன்னாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். புருஷன் இறந்த பிறகு பக்கத்து வீட்டிலேயே வந்து இருந்தாள். அவள் பேச்சுக்குக் கண்ணையன் மறுபேச்சுப் பேசியதில்லை. அவன் எங்கே இளகிவிடுவானோ என்று, மகள் வினோதினியின் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். சிந்தாமணி கேட்டுப் பார்த்தாள். அழுது கேட்டாள், சாப்பிடாமல் கேட்டாள். "வேணாம் புள்ள, விட்ரு" என்பதற்கு மேல் அவனிடமிருந்து வார்த்தை வரவில்லை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பார்ப்பதை நிறுத்தவில்லை. ஓடைக்கரையிலோ சுடுகாட்டு வேலியோரமோ, பஸ்ஸில் போகும்போது ஏதாவது புளியமரத்தடியிலோ மண் கிளறிக் கிடந்தால் அவள் கண் அங்கே போய் நின்றுகொள்ளும். டவுனுக்கும் ஊருக்கும் இடையில் இருக்கிற எல்லா மண்ணையும் அவள் அப்படிப் பார்த்து வைத்திருந்தாள்.

ஆவணியில் வெங்காயம் பிடுங்கினார்கள். வினோதினி இரண்டாம் வகுப்பு. வகுப்பில் குறுக்கே கொடி கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் படப்புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார் ஹேமலதா டீச்சர். வேண்டியதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வீட்டில் அப்பாவோ அம்மாவோ படித்துக் காட்ட வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். கண்ணையனுக்கு அது பிடித்திருந்தது. பத்தாவதோடு நின்றவன், டிராக்டர் மேலிருந்து கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரலில் முயலுக்கு ஒரு மாதிரி, கரடிக்கு ஒரு மாதிரி என்று படிப்பான். விளக்கு வைத்ததும் மகள் மடியில் ஏறிக்கொள்வாள். அடுப்படியில் இருந்தபடியே சிந்தாமணிக்கும் கதை காதில் விழும்.

அந்த வாரம் வந்தது ஆள்காட்டிக் குருவி கதை. ஆள்காட்டி வெறும் தரையில் நாலு முட்டை இடுகிறது. மூன்று பொரிகின்றன. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அது காட்டில் நடக்க, எதிரில் வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், உனக்கு எத்தனை பிள்ளை? அது ஒவ்வொரு தடவையும் நாலு என்கிறது. அணில் சிரிக்கிறது. காடைக்கு எண்ணத் தெரியும், அது எண்ணிக் காட்டுகிறது. குருவி அப்போதும் நாலு என்கிறது.

"அப்பறம்?" என்றாள் வினோதினி.

"அப்பறம் மழை வந்திச்சு. எல்லாம் தூங்கப் போயிருச்சு. முடிஞ்சிச்சு."

"இல்லப்பா. நடுவுல ஒரு பக்கம் இருக்கு."

"ஒட்டிக்கிச்சு பாப்பா."

"நேத்தும் ஒட்டிக்கிச்சுன்னீங்க."

அவன் புத்தகத்தை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து வினோதினி, "ஏம்ப்பா அழுவுறீங்க, முயல் கதைக்கு நீங்க அழுவலியே" என்று கேட்பது அடுப்படிக்குக் கேட்டது. "வெங்காயம் பாப்பா. நாளெல்லாம் வெங்காயம்" என்றான் கண்ணையன்.

சிந்தாமணி கையில் கரண்டியோடு நின்றாள். தூறல் என்று அன்றைக்கு ஆள் வரவில்லை. யாரும் வெங்காயத்தைத் தொடவே இல்லை. இந்த ஆறேழு மாதத்தில் அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. அவனுக்கு மறந்துவிட்டது, ஆண்களுக்கு மறந்துவிடும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கோபத்தில்தான் நாட்களைத் தள்ளியிருந்தாள். இப்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காலையில் அவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனதும் புத்தகத்தை எடுத்தாள். பின்பக்கமாகப் புரட்டினாள். எந்தப் பக்கமும் ஒட்டியிருக்கவில்லை. கடைசிக்கு முந்தின பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று வரி இருந்தது.

நாலாவது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும்.
மழை பெய்தாலும் தெரியும்.
புல் முளைத்தாலும் தெரியும்.

முன்பக்கம் புரட்டுவதற்குள் வாசலில் ஜெகதாம்பாளின் குரல் கேட்டது. புத்தகத்தை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு வெங்காயக் காட்டுக்குக் கிளம்பினாள்.

காட்டில் வேம்படியில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். விதை வெங்காயத்தைக் கெடாமல் சேர்த்து வைக்கிற பட்டறையை எங்கே போடுவது என்ற பேச்சு ஓடியது. கிணற்று மூலைதான் மேடு, தண்ணீர் நிற்காது, காற்றும் வரும் என்று சிந்தாமணி சொன்னாள். போன சித்திரையிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த மூலையை மட்டும் கண்ணையன் உழவில்லை. இலந்தை முள்ளை வெட்டிப் போட்டுவிட்டிருந்தான்.

"அங்க வேணாம். பாம்பு நடமாட்டம்" என்றான்.

"ஒரு சென்டு நெலத்துக்கு வரப்புல வெட்டிக்கிறவன், ஒரு பாத்தி எடத்தப் பாம்புக்கு எழுதி வச்சிட்டான் பாரு" என்றாள் வளர்மதி. அவள் இளவரசன் மனைவி. பெண்கள் சிரித்தார்கள். கண்ணையன் சிரிக்கவில்லை.

சிந்தாமணி எழுந்து அவன் பின்னால் போனாள். "நீங்க நேத்து வெங்காயத்துக்கு அழுவல."

அவன் கோணிகளை எண்ணுவதுபோல நின்றான்.

"எங்கன்னு சொல்லுங்க."

"பாப்பா தலையில அடிச்சுக் குடுத்திருக்கேன் சிந்தாமணி. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா?" என்று கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அரிசிப் பானை மேல் புத்தகம் இல்லை. வினோதினி அத்தையிடம் முழுக் கதையையும் சொல்லியிருந்தாள், ஒட்டிக்கொண்ட பக்கம் உட்பட. அதை அவள் பள்ளிக்கூடத்திலேயே படித்து வைத்திருந்தாள். ஜெகதாம்பாள் புத்தகத்தை முந்தானையில் மறைத்து எடுத்துப்போய் டீச்சரிடம் நேராகவே கொடுத்துவிட்டாள். "புள்ளைங்களுக்கு நல்லதா நாலு கத குடுங்க டீச்சர். இழவுக் கதையெல்லாம் எங்க வூட்டுக்கு அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்ததை அவளே சிந்தாமணியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "சாப்புட்டியா?" என்றும் கேட்டாள். அவளுக்கு இரண்டும் ஒரே அக்கறைதான்.

சனிக்கிழமை பெற்றோர் வந்து கதை படிக்கிற நாள். மாதம் ஒருமுறை வகுப்பில் பாய் விரித்து, யாராவது ஒரு அம்மாவைப் படிக்கச் சொல்வார் டீச்சர். பெரும்பாலும் அம்மாக்கள் வெட்கப்பட்டு ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொள்வார்கள். கடைசியில் டீச்சரே படிப்பார். அன்று சிந்தாமணி யாரும் கூப்பிடாமல் எழுந்தாள். கொடியருகே போய் ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்தாள். இல்லை.

"ஆள்காட்டி புக்கு எங்க டீச்சர்?"

ஹேமலதா டீச்சர் வாசல் பக்கம் பார்த்தார். ஜெகதாம்பாள் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிந்தாமணி தனியாகக் கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருந்தாள்.

"பீரோல வச்சிருக்கேங்க. வேற ஒண்ணு படிக்கலாமே. யான கத இருக்கு."

"பாதி கேட்டுட்டேன் டீச்சர். மீதிய வச்சிக்கிட்டு என்னால இருக்க முடியல."

டீச்சர் சற்று யோசித்துவிட்டுப் பீரோவைத் திறந்தார்.

சிந்தாமணி எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல்தான் படித்தாள், ஆனால் மெதுவாக. ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டினாள், டீச்சர் செய்வதைப்போல. முட்டைகளைக் காட்டினாள். மூன்றாவது பக்கம் புரட்டியதும் உழவன் வந்தான். "உழவன் முட்டைகளைப் பார்த்தான். ஏரைத் திருப்பினான். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு உழுதான்." அடுப்படியிலிருந்து இந்த வரியையும் அவள் காதால் கேட்டிருக்கிறாள். படத்தைப் பார்த்ததில்லை. கறுப்பு மண்ணில் உழவுசால் வளைந்து வளைந்து போயிருந்தது. நடுவே ஒரு பாத்தி அளவுக்கு உழாத தரை. மாடு மிதிக்காமலிருக்க உழவன் சுற்றிலும் முள் போட்டிருந்தான்.

அவளால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடியவில்லை. இந்த ஆறேழு மாதமும் அந்த முள்ளை ஒட்டித்தான் தூக்குவாளியை வைத்துச் சோறு தின்றாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போது அந்த மூலையைச் சுற்றித்தான் மடை திருப்பினாள். பட்டறைக்குக் கால் நட வேண்டும் என்று சண்டை போட்டாள். டவுன் வரைக்கும் தேடிய மண் அது.

கண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்து புத்தகத்தில் சொட்டியது. துடைக்கவில்லை.

"போதும்டி, எழுந்திரு" என்று வாசலிலிருந்து ஜெகதாம்பாள் சொன்னாள். "ஊரு புள்ளைங்க முன்னால உக்காந்து என்ன இது."

"கத படிக்கிறேன் அண்ணி."

"கத படிக்கிறவ மாதிரியா இருக்க? எனக்குந்தான் ரெண்டு போச்சு. எனக்கு யாரு காட்டுனா? நான் எந்திரிச்சு வேல பாக்கலியா, சோறு திங்கலியா?"

"அதான் அண்ணி. உங்களுக்கும் காட்டியிருக்கணும்."

ஜெகதாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

சிந்தாமணி மறுபடி ஆரம்பித்தாள். அணில், காடை எல்லாம் வந்தன. எத்தனை பிள்ளை என்று அவள் படித்ததும் பிள்ளைகளே "நாலு" என்று கத்த ஆரம்பித்தார்கள். மூன்றாவது தடவை அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசிக்கு முந்தின பக்கம் வந்தது. அவள் படிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, மகளைக் கூட்டிப்போக வந்த கண்ணையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

கம்பி வழியாகப் புத்தகத்தை நீட்டினாள். "இந்தப் பக்கத்த நீங்க படிங்க."

"சிந்தாமணி."

"ஒட்டலங்க. நான் பாத்துட்டேன். படிங்க."

"கண்ணையா, பாப்பா தலையில சத்தியம் பண்ணிருக்க" என்றாள் ஜெகதாம்பாள். குரலில் பழைய அதட்டல் இல்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வினோதினி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "என் தலதான? ஒண்ணும் ஆவாது. படிங்கப்பா."

பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணையன் புத்தகத்தை வாங்கினான். டிராக்டர் குரலில் ஆரம்பித்தான். "நாலாவது எங்கே இருக்கிறது என்று..." நின்றுவிட்டான். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த இரண்டு மூன்று அப்பாக்கள் பக்கத்தில் நின்றார்கள். ஒருவன், "வா மாப்ள, டீ குடிக்கலாம்" என்று தோளைத் தொட்டான். கண்ணையன் அந்தக் கையை விலக்கிவிட்டு முதலிலிருந்து படித்தான். அழுதுகொண்டே படித்தான். மூன்று வரியையும் படித்து முடித்தான். வெங்காயம் என்று சொல்லவில்லை.

பிறகு புத்தகத்தை மூடி, "வா" என்றான்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள். கிணற்று மூலையில் வண்டியை நிறுத்தி, அவன் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டான். விரலில் கீறி ரத்தம் வந்தது. உள்ளே தரையில் கோரை முளைத்திருந்தது. நடுவில் ஆற்றுக் கல் ஒன்று, உள்ளங்கை அகலம். கொள்ளிடக்கரை திருமழபாடிக்கு மணல் ஏற்றப்போனபோது எடுத்துவந்தேன் என்றான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். வினோதினி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதான் நம்ம வூட்டு ரெண்டாவதா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் சிந்தாமணி.

பொழுது இறங்கும்போது வரப்பில் ஜெகதாம்பாள் வந்தாள். கிட்டே வரவில்லை. வேம்படியில் கிடந்த கோணியை விரித்து உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த வெங்காயத்தை இழுத்துப்போட்டுத் தாள் அரிய ஆரம்பித்தாள். இருட்டும்வரை அரிந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வினோதினி புத்தகத்தைக் கொடியில் திரும்ப மாட்டினாள். அந்த வருடம் பட்டறையை மேற்கு வரப்போரம் போட்டார்கள்.