மாடியில் தியானம், கீழே குறட்டை

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஊராட்சி அலுவலக எழுத்தர் சக்கரவர்த்தி தொண்ணூற்றேழாம் வருடத்தில் சந்தேகப்படாமல் விட்டது அண்ணாமலை மலையை மட்டும்தான். அதுவும் அது இருந்த இடத்தில் இருந்ததால். அப்படிப்பட்டவரிடம் போய் ஜோதியம்மாள் டீச்சர் சொன்னார்: "உங்க கீர்த்தனா வகுப்புல உக்காந்த மேனிக்கே கண்ண மூடிக்குதுங்க. கூப்பிட்டாலும் தொறக்க மாட்டேங்குது."

அவருடைய ஏழு வயது மகள். வேறு ஊராக இருந்தால் தூக்கம் என்பார்கள். சக்கரவர்த்தி தன் வீட்டு மாடியை நினைத்தார். அங்கே குடியிருந்த ஹான்ஸ் என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதே முழுநேர உத்தியோகம்.

"தனம், அந்தாளு நம்ம பொண்ணுக்குத் தியானம் கத்துக் குடுத்துட்டான். நாம அசந்த நேரம் மாடிக்குப் போறா. நாளைக்கு மொட்ட அடிச்சிக்கினு சாமியாராப் போய்டுவா!" என்று மனைவியிடம் பதறினார்.

"ராத்திரி முழுக்க உங்களுக்கு ஜோடியா குறட்ட விடறவ எங்க மாடிக்குப் போறது? காலையில எழுப்பறதுக்குள்ள என் உசுரு போவுது. டாக்டர்கிட்ட காட்டலாங்க."

"குறட்ட விட்டா நல்ல தூக்கம்டி! எங்க பரம்பரச் சொத்து. எங்கப்பா குறட்டைக்கு செங்கம் பஸ்ஸே ஒதுங்கி வழி விடும்."

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் மகளருகில் படுத்து, தூங்குவதுபோல் நடித்தார். கீர்த்தனா வாயைப் பிளந்து விட்ட குறட்டையில் கைப்பிடிச் சுவரில் இருந்த குரங்குகள் குடும்பத்தோடு மலையேறின. சட்டென்று சத்தம் நின்றது.

'கிளம்பிட்டா!' என்று கண்ணைத் திறந்தார்.

அவள் அங்கேயே கிடந்தாள். நெஞ்சுக்குழி உள்வாங்கித் தவித்தது. மூக்கருகே விரலை வைத்தார். காற்றே இல்லை. அவர் அலறுவதற்குள், முங்கி எழுந்தவள்போல மூச்சை இழுத்துப் புரண்டாள், கழுத்தெல்லாம் வியர்வை. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது.

மறுநாள் குழந்தை மருத்துவர் அன்புச்செல்வி தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "டான்சில் ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது. தினமும் குறட்ட, நடுவுல மூச்சு நிக்குது, பகல்ல தூங்கி விழறா. இதையா நல்ல தூக்கம்னு விட்டீங்க? வேலூர்ல காது மூக்கு தொண்ட டாக்டர்கிட்ட இந்த வாரமே காட்டுங்க."

"அவரு உங்களுக்குச் சொந்தக்காரருங்களா?" என்றார் சக்கரவர்த்தி. தனம் கிள்ளியதில் பாதி தோல் அவள் நகத்தோடு வந்துவிட்டது.

வேலூர் பஸ்ஸில் கீர்த்தனா அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். சக்கரவர்த்தி எழுந்து நிற்க முடியாமல் கத்தினார்: "டிரைவர் சார், பாட்ட நிறுத்துங்க! எம் பொண்ணு மூச்சு எனக்குக் கேக்கல!"

பாட்டு நின்றது. பஸ்ஸே காது கொடுத்தது.