கபித்தேனின் தாய்

கபித்தேன் என்ற காளையைப் பார்க்க, மாட்டு வம்சப் பதிவேட்டுச் சங்கத்துக்காரர் பத்து மணிக்கு வருவதாக எழுதியிருந்தார். ஒன்பது மணிக்கு, அப்பத்தின்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டே ஒவீத் மனைவி லோரெத்திடம் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னான்.

“போன வருஷம் அந்தப் பனிப்புயல்ல நான் மட்டும் உப்புத் தூவலேன்னா உன் கபித்தேன் விறைச்சே போயிருப்பான். ரெண்டு கன்னுக்கும் தூவினேன், கை நிறைய.”

லோரெத் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். “ரெண்டுக்குமா? நான் கொட்டிலுக்கு வர்றதுக்கு முந்தியா?”

“பின்னே? நீ பூட்ஸைத் தேடி எடுக்கிறவரைக்கும் கன்னு காத்துக்கிட்டிருக்குமா?”

ஈரக் கன்றின்மேல் உப்பைத் தூவினால் பசு விடாமல் நக்கும், கன்று உலர்ந்துவிடும். கனடாவின் சார்லவுவா மலைப்பக்கம் எல்லாக் கொட்டில்களிலும் செய்வதுதான். ஆனால் உப்புக்காக எந்தப் பசுவும் எந்தக் கன்றையும் நக்கும்.

அன்று மீரெத், பெர்லீன் என்ற இரண்டு கனடியப் பசுக்களும் ஒரே அடைப்பில் அரைமணி இடைவெளியில் ஈன்றிருந்தன. இரண்டும் காளைக்கன்றுகள். மீரெத் நக்கிக்கொண்டிருந்த கன்றை மீரெத்துடையது என்று எண்ணி லோரெத் காதில் அடையாள வில்லை மாட்டினாள். மற்றதைப் பெர்லீனின் கலப்புக் கன்று என்று நான்கு வாரத்தில் கசாப்புக்கு அனுப்பினார்கள். ஏனென்றால் பெர்லீனோடு சேர்ந்தது, பக்கத்துப் பண்ணை பிலியாஸிடமிருந்து வேலி தாண்டி வந்த ஜெர்சிக் காளை.

புள்ளி மாடுகளாக இருந்தால் பிறந்த அன்றே அடையாளத்துக்காகப் புள்ளிகளைத் தாளில் வரைந்துவிடுவார்கள். கனடியப் பசுவுக்குப் புள்ளி கிடையாது. கன்று செம்பழுப்பாகப் பிறக்கும், ஒரு வயதுக்குள் கறுக்கும். ஜெர்சி கலந்த கன்றும் அப்படியே கறுக்கக்கூடும்.

மீரெத் போன இலையுதிர் காலத்தில் செத்துப்போனது. அதன் வழியில் மிஞ்சியது கபித்தேன் மட்டும். இன்று சங்கம் அவனை ஏற்றுக்கொண்டால், மாகாணத்தில் மிச்சமிருக்கும் கறுப்புப் பசுக்களை அவனிடம் கொண்டுவருவார்கள்.

“இதை அவர்கிட்டச் சொல்லணும்” என்றாள்.

“எதை? உனக்கே தெரியாததையா?”

“தெரியாதுங்கிறதை.”

“அவர் கண்ணு பார்த்துச் சொல்லட்டும். நீ வாயைத் திறக்காம இரு, அது போதும்.”

சங்கத்துக்காரர் கான்யே மெலிந்த மனிதர். கொட்டிலில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கபித்தேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகுத்தண்டில் ஓடிய வெளிறிய கோட்டை விரலால் தடவினார், மூக்கைச் சுற்றிய சாம்பல் வளையத்தைப் பார்த்தார், கொம்பை அளந்தார், குளம்பைத் தட்டினார்.

“முந்நூறு வருஷம் முன்னாடி கப்பல்ல வந்ததுங்க இப்படித்தான் இருந்திருக்கும். சின்ன உடம்பு, சொத்தை வைக்கோலையும் பனியையும் தாங்குற வயிறு. பால் கொஞ்சம்தான், ஆனா வெண்ணெய்...” பேச்சை நிறுத்திக்கொண்டு பெட்டியிலிருந்து தாளை எடுத்தார். “தாய் மீரெத். ஈன்றதை நேர்ல பார்த்தது யாரு?”

“இவதான்” என்றான் ஒவீத். “எங்க வீட்டு மாட்டு மருத்துவச்சி.”

கான்யே சிரித்துக்கொண்டே பேனாவை லோரெத்திடம் நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா.”

அவள் பேனாவை வாங்கினாள். ஒவீத் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, நான் ஈன்றதைப் பார்க்கல. நக்கினதைத்தான் பார்த்தேன். அதுக்கு முந்தியே ரெண்டு கன்னுமேலயும் உப்பு போட்டாச்சு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்.”

கான்யே மறுபடி மாட்டைப் பார்த்தார். பிறகு, “ரெண்டாவது பசு?” என்று கேட்டார்.

“பெர்லீன். அது ஜெர்சிக் காளையோட சேர்ந்திருந்தது.”

“ஐயா, இவனைப் பார்த்தா ஜெர்சி மாதிரியா இருக்கு?” என்றான் ஒவீத்.

“இல்ல. பந்தயம்னா, இவன் மீரெத்தோட கன்னுதான்னு கட்டுவேன்” என்றார் கான்யே. “ஆனா இது பந்தயம் இல்ல. தப்பாப் போனா, அஞ்சு வருஷத்துல சுத்தமான மாடு எதுன்னு யாருக்குமே தெரியாம போயிடும்.”

தாளை லோரெத்தின் கையிலிருந்து மெல்ல வாங்கினார். தடித்த பதிவேட்டைத் தீவனப்பெட்டியின்மேல் விரித்து மீரெத்தின் பெயரைத் தேடினார். சந்ததி என்று இருந்த கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மை காயும்வரை மூடாமல் காத்திருந்தார்.

“பதிவாயிடும்னு பிலியாஸ்கிட்டப் பெருமை அடிச்சாச்சு, இனி என்ன சொல்றது?” என்று ஒவீத் கேட்டான், யாரையும் பார்க்காமல்.

“நடந்ததைச் சொல்லு” என்றாள் லோரெத். கபித்தேனின் மூக்குக் கயிற்றை அவிழ்த்து, அவனை மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றாள்.