வியாழக்கிழமைத் தீவார்

மகேஸ்வரனுக்கு அன்று காலையிலிருந்தே காலில் சுடுதண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. சுவிசில், துன் ஏரிக்கரை ஹோட்டலில் பகல் சமையலை முடித்துவிட்டு வந்தவர், உடுப்பு மாற்றாமல் ஹோலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தார். மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. இந்த வீட்டை விட்டுப் போகிறோம் என்று வீட்டுக்காரருக்கு எழுதியது. அதில் அவருடைய கையெழுத்து விழுந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. மனைவி ஜெயகௌரியினுடையது இன்னும் விழவில்லை.

இந்த நாட்டுச் சட்டம் அப்படி. புருசனும் பெண்சாதியும் குடியிருக்கும் வீட்டை ஒருவர் மட்டும் விட்டுவிட முடியாது. இதைக் கேள்விப்பட்டபோது மகேஸ்வரன் சிரித்தார். அவள் எந்தக் காலத்தில் எதற்கு மறுத்தாள்? இந்த வீட்டுக்கு என்றபோது வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது, போம் என்றபோது போனாள். மகள் ஜெனனியை லோசானுக்குப் படிக்க அனுப்புவோம் என்றபோது தலையாட்டினாள். இப்போது மட்டும் "பிறகு வைக்கிறன்" என்கிறாள். இல்லை என்று சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம். பிறகு என்பவளோடு என்னத்தைப் பிடிப்பது?

விஷயமோ சின்னதில்லை. லுசேர்ணில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வரதராசா சாப்பாட்டுக்கடை எடுக்கிறான். குசினி முழுக்க மகேஸ்வரன் பொறுப்பு, கடையில் பங்கும் உண்டு. சுவிசுக்கு வந்த நாளிலிருந்து பிறத்தியார் சொன்ன உப்பைப் போட்டே சமைத்தவர் அவர். சாகுமுன் ஒரு தரமாவது தன் கை அளவில் உப்புப் போட்டுவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார். மாதம் முடிவதற்குள் கடிதம் போகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று வரதராசா சொல்லிவிட்டான். மாதம் நாளையோடு முடிகிறது.

அம்மணியோ, வியாழக்கிழமை என்று வெளிக்கிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை என்றால் சங்கம். ஸ்பெயினின் மயோர்க்கா, மெனோர்க்கா தீவுகளிலிருந்து பிழைக்க வந்து சுவிசிலேயே நரைத்துப்போன சனம் நடத்தும் சங்கம். கத்தலான் மொழி வகுப்பு, தீவுப் பாட்டு, தீவு ஆட்டம், தீவுப் பலகாரம், எல்லாம் அங்கே உண்டு. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் ஜெயகௌரியோடு வேலைசெய்யும் மார்கலீடா ஒருநாள் அவளைக் கூட்டிப்போனாள். போனவள் ஒட்டிக்கொண்டாள். "எங்கட பாஷைக்கே ஆளில்லாமல் கிடக்கு, இவ போய் ஆரின்ரையோ பாஷையைப் படிக்கிறா" என்று போனில் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லி ஆற்றிக்கொண்டார் மகேஸ்வரன்.

இனி இருந்து சரிவராது. கடிதத்தையும் பேனையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

சங்கம் கூடுவது தேவாலயத்தோடு சேர்ந்த ஒரு மண்டபத்தில். கதவைத் திறந்ததும் குழலும் கிற்றாரும் முகத்தில் அடித்தன. நடுவே சோடி சோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெயகௌரியும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினாள். யாரும் யாரையும் தொடவில்லை என்று கண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பாட்டு நின்றதும் மார்கலீடா அவரைக் கண்டாள். இது யார் என்று கேட்டு அறிந்துகொண்டு, மண்டபத்துக்கே கேட்க, "ஃபொரஸ்தே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் மனைவியிடம்.

"வெளியாள் எண்டு சொல்லுறா. தீவில்லாத ஆக்களை அப்பிடித்தான் சொல்லுறவை."

"அப்ப நீர் ஆராம்?"

"நான் நெடுந்தீவு எண்டு முதல்நாளே சொல்லிப்போட்டன். எந்தத் தீவெண்டாலும் தீவுதானே எண்டு உள்ளுக்கை எடுத்திட்டினம்."

மகேஸ்வரன் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர், தீவார் அல்ல. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருடைய வீட்டுப் பெண்கள் ஜெயகௌரியைத் 'தீவாள்' என்றுதான் சொல்வார்கள், உதட்டைச் சுழித்தபடி. கோபம் வந்தால் அவரும் சொல்லியிருக்கிறார். அதே சொல்லுக்கு இங்கே கதிரை போட்டு இருத்தி வைத்திருந்தார்கள். அவருக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வந்த வேலையை மறக்கவில்லை.

"இதிலை ஒரு சைன் வையும். நான் போறன்."

"அடுத்த பாட்டு முடியட்டும்."

அதற்குள் மார்கலீடா குறுக்கே வந்தாள். கௌரியோடு ஆடும் கிழவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதாம், சோடி இல்லையாம். மாட்டேன் என்று அவர் கையை விரிக்க, அதையே ஆட்டத்துக்கு எடுத்த கையென்று வைத்து நடுவே இழுத்துவிட்டாள். சட்டத்தையும் ஜெர்மனில் சொன்னாள்: இந்த ஆட்டத்தில் அடியைத் தீர்மானிப்பது பெண். அடுத்து என்ன அடி என்று ஆணுக்குத் தெரியாது. அவள் காலைப் பார்த்துத்தான் அவன் ஆடவேண்டும்.

இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தார் மகேஸ்வரன்.

குழல் ஊதியது. அவர் வலப்பக்கம் போனார், அவள் இடப்பக்கம் போனாள். அவள் பின்வாங்கப் போகிறாள் என்று முன்னே பாய்ந்தார். அவள் நின்ற இடத்திலேயே சுழன்றாள். அவர் போய் ஒரு கதிரையில் முட்டினார்.

"மீரா-லா!" என்று கத்தினாள் மார்கலீடா.

"என்ன சொல்லுறாள்?"

"அவளைப் பார் எண்டு சொல்லுறா" என்றாள் ஜெயகௌரி, ஆட்டத்தை விடாமல்.

பார்த்தார். வேறு வழி இருக்கவில்லை. திரும்புமுன் அவளுடைய இடக்குதி மெல்ல எழுவதைக் கண்டார். முன்னே வருமுன் நாடி கொஞ்சம் நிமிரும். அவள் சொல்லிக்கொண்டுதான் ஆடினாள், இவர்தான் கவனிக்கவில்லை. குதி எழுந்தது, திரும்பினார். நாடி நிமிர்ந்தது, பின்வாங்கினார். ஒருதரம் இருவரும் ஒன்றாய்ச் சுழன்று நேருக்கு நேர் நின்றபோது அவள் பல் தெரியச் சிரித்தாள். இந்த முகத்தை அவருக்குத் தெரியாது. வீட்டில் எப்போதும் அவர் முன்னே நடந்தார், முகம் பின்னால் வந்தது.

பாட்டு சட்டென்று அறுந்தது. அவள் நின்றுவிட்டாள். அவர் மட்டும் இன்னொரு அடி வைத்தார், மண்டபம் கைதட்டிச் சிரித்தது.

மேலங்கிகள் தொங்கிய நடைவழியில் வந்து நின்று மூச்சு வாங்கினார். ஜெயகௌரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போன் அடித்தது. வரதராசா.

"அண்ணை, அண்ணி சைன் வைச்சிட்டாவோ?"

"பொறு. நான் இன்னும் அவவைக் கேக்கேல்லை."

"என்னண்ணை கதைக்கிறியள்? மூண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறியள்?"

"இல்லையடா. வையும், வையும் எண்டு சொன்னனான். கேக்கேல்லை."

போனை நெஞ்சோடு பொத்திப் பிடித்தார்.

"கௌரி, லுசேர்ணுக்கு வர உமக்கு விருப்பமோ?"

"இல்லை."

யோசிக்கவே இல்லை. அந்தச் சொல் எத்தனை நாளாய்த் தயாராக இருந்ததோ.

"எனக்கு அந்தக் கடை வேணும், கௌரி." குரல் உடைந்துபோனது, அவருக்கே வெட்கமாக இருந்தது.

"தெரியும். அதுதான் இல்லையெண்டு சொல்ல வாயும் வரேல்லை, வைக்கக் கையும் வரேல்லை." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "எங்கையும் நான் உங்கட மனுசி, ஜெனனியின்ரை அம்மா. இஞ்சை மட்டுந்தான் என்னைக் கேட்டு மற்ற ஆக்கள் அடி எடுத்து வைக்கினம். இதை விட்டிட்டு வரேலாது."

மகேஸ்வரன் சுவரில் சாய்ந்தார். புதுக் கடையில் முதல் நாள் வைப்பதற்கென்று நினைத்திருந்த நண்டுக் கறியின் வாசம்கூட மூக்கில் வந்துபோனது. போனைக் காதில் வைத்தார்.

"வரதராசா, வேறை ஆளைப் பார்."

அந்தப் பக்கம் அவன் கத்தியது அவளுக்கும் கேட்டது. கத்தி முடியும்வரை கேட்டுவிட்டு வைத்தார்.

"தீவாளின்ரை சொல்லைக் கேட்டுக் கெட்டனான் எண்டு பிறகு சொல்லக்கூடாது" என்றாள் ஜெயகௌரி.

"சொல்லுவன். ரெண்டு மூண்டு வருசத்துக்காவது சொல்லுவன்."

"சரி, சொல்லுங்கோ."

உள்ளே மறுபடி குழல் கிளம்பியது. அவள் தலைமயிரைக் கட்டிக்கொண்டு மண்டபத்தை நோக்கி நடந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டார். கதவடியில் அவளுடைய இடக்குதி மெல்ல எழுந்தது. திரும்பிப் பார்க்கப்போகிறாள்.

அவள் திரும்பியபோது அவர் ஏற்கெனவே பின்னால் வந்துகொண்டிருந்தார்.