காற்றாடிக்குக் கீழே ஓர் அறை

“என்ட லப்டொப்புக்குள்ள ஆரோ ஒருத்தரின்ட வீட்டைக் கொண்டந்து வைச்சிருக்கிறியள், நுஸ்கி நானா!”

“அல்லாவுக்காகத் தங்கச்சி, நான் ஆணியைக் கழட்டினது மட்டுந்தான். வீடு முதலே உள்ளுக்க இருந்தது!”

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நுஸ்கியின் கணினி திருத்தும் கடையில் அன்று காலை எழுந்த சத்தத்துக்கு, எதிர்ப்பக்க மருந்துக்கடையில் நின்ற சனம் மருந்தை மறந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. விசயம் இதுதான். சிவாஜினியின் மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து, பற்றரியை எடுத்து, சூடாற்றும் காற்றாடியைத் தூக்கினால், அதன் கீழே கனடாவில் ஓர் அறை இருந்தது. நெருப்புப்பெட்டி அளவு. கட்டில், மூலையில் அடுப்போடு சின்னக் குசினி, பச்சைத் திரைச்சீலை, ஜன்னலுக்கு வெளியே பனி. அந்தத் திரைச்சீலையைச் சிவாஜினிக்குத் தெரியும். இரவிரவாக இராகுலனோடு வீடியோவில் கதைத்தபோது அவன் தலைக்குப் பின்னால் தொங்கியது அதுதான்.

இராகுலன் அவளுக்குப் பாதிப் புருசன். பதிவுக் கலியாணமான எழுத்து முடிந்திருந்தது, தாலி தை மாதம் கோயிலில் என்று பேச்சு. எழுத்து முடிந்தால் ஸ்பொன்சர் வரும், ஸ்பொன்சர் வந்தால் விமானம் வரும் என்று நம்பி அரசாங்கக் கந்தோர் வேலையை விட்ட பெட்டைகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. சிவாஜினி வேலையை விட்டதோடு நிற்கவில்லை. குளிர் உடுப்பும் வாங்கி, அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் கையில் தானே வறுத்துத் திரித்த கறிச் சரக்குத்தூளும் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கணினி பழுதானதும் பக்தியால்தான். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்துச் சந்தனம் பூசியவள், புருசன் முகம் தெரிகிற பொருளாயிற்றே என்று குங்குமத்தைக் கை தாராளமாகக் காற்றாடித் துவாரத்தின் மேல் அப்பிவிட்டாள். கார்த்திகை வரை இருமிக் கிடந்த கணினி பிறகு கண்ணைத் திறக்கவில்லை.

அந்தக் குங்குமம் எங்கே போனது என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. கட்டிலில் ஒருத்தி இருந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். அவள் வகிட்டில், கழுவிக் கழுவியும் போகாத மாதிரி, சிவாஜினியின் குங்குமம் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தவர், கூட வந்திருந்த சிவாஜினியின் தகப்பன் கனகசுந்தரம் மாஸ்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, “வேலை இடத்துப் பிள்ளையா இருக்கும்” என்றார்.

“வேலை இடத்துப் பிள்ளை கட்டில்ல இருந்தா தலை சீவும், மாஸ்டர்?” என்றாள் நுஸ்கியின் தாய் பரீதா உம்மா. கேத்திலில் வெந்நீர் இருக்கிறது, வேண்டுமென்றால் உள்ளே ஊற்றலாம் என்றும் சொன்னாள்.

சிவாஜினி வெந்நீரைத் தொடவில்லை. காற்றாடி இருந்த பள்ளத்தின் மேல் குனிந்து, “இராகுலன்” என்று மெல்லக் கூப்பிட்டாள். கட்டிலில் இருந்தவள் சீப்பை நிறுத்தி அண்ணாந்தாள். “ஆரப்பா மேல?” என்று குளியலறைப் பக்கம் கேட்டாள். உள்ளிருந்து இராகுலனின் குரல் தெளிவாக வந்தது: “ஒண்டுமில்லை, எலி. விடும்.”

மருந்துக்கடைச் சனம் நிலத்தைப் பார்த்தது. சிவாஜினி அழுவாள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். நுஸ்கி சின்ன ஆணிகளைக் கவ்வி எடுக்கும் சாமணத்தைக் கேட்டு வாங்கி, அறைக்குள் இறக்கி, குசினித் தட்டிலிருந்து மிளகளவு போத்தல் ஒன்றைக் கவ்வி வெளியே எடுத்தாள். வெளிக்காற்று பட்டதும் அது தன் பழைய அளவுக்கு வந்தது. அவள் அனுப்பிய சரக்குத்தூள்தான். அரைவாசிக்கு மேல் முடிந்திருந்தது.

“நல்லாத்தான் சமைச்சிருக்கினம்” என்றாள். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். அன்று மத்தியானம் மாஸ்டர் வீட்டில் அந்தத் தூள் போட்டு வைத்த பாரைமீன் குழம்பு நாலு வீட்டுக்கு மணத்தது.

எழுத்தை இரத்துச் செய்ய வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி ஏறி இறங்கியதில் சில வருடங்கள் போயின. இராகுலன் அந்தப் பெண்ணையே கட்டினான். கலியாணப் படத்தில் எவ்வளவு பவுடருக்கும் அடங்காமல் அந்தக் குங்குமம் தெரிந்ததை ஊரே பெரிதாக்கிப் பார்த்தது. பிள்ளை பிறந்ததும் பெரிய வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிவாஜினிக்குக் கந்தோர் வேலை திரும்பக் கிடைத்தது, தூர ஊரான ஈச்சிலம்பற்றில். பாலையூற்றுத் திலக்சன் பெண் கேட்டு வந்தபோது, அவனுடைய கணினியை நுஸ்கியிடம் கழற்றிக் காட்டச் சொன்னாள். தூசியும் செத்த எறும்பு ஒன்றும் இருந்தன. எழுத்தும் தாலியும் ஒரே நாளில் நடந்தன.

பழைய கணினி நுஸ்கியின் மேசையில் திறந்தபடியே கிடக்கிறது. நோன்பு காலத்தில் சர்பத்துக்கு ஐஸ் உள்ளே இருக்கும் அறையின் ஜன்னல் விளிம்புப் பனியிலிருந்துதான் வருகிறது. அறைக்கு இப்போது கீர்த்தனி என்றொரு பிள்ளை குடிவந்திருக்கிறது, படிக்கப் போன பிள்ளை. சில நேரம் அண்ணாந்து, “ஆர் மேல?” என்று கேட்கும்.

“நாங்கதான் மகள்” என்பாள் பரீதா உம்மா. “சாப்பிட்டாச்சா?”