நேரில் வந்த ஆறு

நகரத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒரு திங்கட்கிழமை காலை படுகையைவிட்டு எழுந்து, கடைவீதி வழியாக நடந்து, உள்நாட்டு விவகாரம் மற்றும் பண்பாட்டு அமைச்சகத்தின் படியேறி, குடியுரிமைப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தது. தப்பு ஆற்றின்மேல் இல்லை. எல்லைக்கு அப்பால் பிறந்தவர்கள் அனைவரும் நேரில் ஆஜராக வேண்டும் என்று அமைச்சகம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒட்டப் போனவன் மீந்த பசையை வீணாக்க மனமில்லாமல் பாலத்தின் தூண்களிலும், தண்ணீரை ஒட்டி, நாலைந்தை ஒட்டிவிட்டு வந்திருந்தான். ஆறு பிறந்தது எல்லைக்கு அப்பாலுள்ள மலையில். அறிவிப்பை மதித்து வந்துவிட்டது. யாருக்கும் தொந்தரவில்லாமல் பெஞ்சுகளுக்கு அடியில் சுருண்டு, சுவரோரம் கூரைவரை எழும்பி, வாசலுக்கு வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது. மீன்களும் கூடவே வந்திருந்தன. காத்திருந்த சனம் காலைத் தூக்கிக்கொண்டு இடம் விட்டது. ஊர் நடுவே பாலம் மட்டும், வேலை போனது தெரியாமல் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் ஆள்போல நின்றது.

அமைச்சகத்தில் கீழ்த்தளம் உள்நாட்டு விவகாரம், மேல்தளம் பண்பாடு. கீழே இருந்தவர்கள் ஆறு அந்நியர்தான் என்றார்கள். மேலே இருந்தவர்கள் இறங்கி வந்து, நாட்டிலுள்ள பாட்டில் பாதி இந்த ஆற்றைப் பற்றியது என்றார்கள். அமைச்சர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, ஆற்றை அனுப்பிவிடலாம், பாட்டை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு சொன்னார். அனுப்புவதற்குமுன் ஒரு விசாரணை உண்டு. உன்னோடு யார் யார் எல்லை தாண்டி வந்தார்கள் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்டதும் எல்லைக்காரர் தன் வீடு இருக்கும் திசையைத் திரும்பிப் பார்த்தார்.

நாடு கடத்தப்படுகிறவர்களை எல்லைவரை கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவர் விலங்கு மாட்டமாட்டார், கையைப் பிடிக்கமாட்டார். அவர்களுடைய மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். மூட்டை முன்னால் போனால் ஆள் பின்னால் வந்துவிடும். ஒருத்தரும் ஓடியதில்லை. அவருடைய மனைவி, கைக்குழந்தையாக ஒரு படகில், இதே ஆற்றின்மேல் இந்தப் பக்கம் வந்தவள். அவள் ஆஜராகவில்லை. “நீ வாயத் தொறக்காத, உன்ன யாரும் கேக்கப் போறதில்ல” என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது ஆற்றைக் கேட்கப் போகிறார்கள்.

ஆற்றுக்குப் பேச்சு இல்லை. கேள்வியை வாசித்ததும் அது அடிவரை தெளிந்தது. விசாரணை நடத்திய மேலதிகாரிக்குத் தண்ணீர் என்றால் பயம்.

“யோவ், நீ எட்டிப் பாரு. என்ன தெரியுது?”

எல்லைக்காரர் குனிந்தார். ஒரு படகு வந்தது. அதில் ஒரு பெண், மடியில் குழந்தை. குழந்தையின் நெற்றியில், தினமும் காலையில் அவர் பார்க்கிற அதே சுழி.

“ஒண்ணுமில்ல சார். மீனுதான்.”

“எனக்கே மீன் கதையா? தள்ளு.”

மேலதிகாரி முட்டி போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மேசையில் அவருடைய டீ ஆறி ஆடை கட்டியது. தண்ணீருக்குள் பத்து வயதுப் பையன் ஒருவன் ஈரத்தலையோடு, ஒரு சேவலை நெஞ்சோடு அணைத்தபடி படகில் வந்துகொண்டிருந்தான். அது அவருடைய அப்பா. அடுத்து குமாஸ்தாக்கள் பார்த்தார்கள், மேல்தளத்துக்காரர்கள் பார்த்தார்கள். படகுகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கோடும் விளக்கில்லாமலும். யாரோ செருப்பைக் கழற்றினார்கள். பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். ஒருத்தரும் யாரைக் கண்டோம் என்று சொல்லவில்லை.

“இத இப்பவே கொண்டுபோய் எல்லையில விட்டுடு,” என்றார் மேலதிகாரி. “யார் கண்ணுலயும் படக் கூடாது.”

யார் கண்ணிலும் படாமல் ஓர் ஆற்றை எப்படிக் கொண்டுபோவது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆற்றுக்கு மூட்டை கிடையாது. எல்லைக்காரர் ஒரு வாளியில் அதன் தண்ணீரை மொண்டுகொண்டு முன்னால் நடந்தார். ஆறு பின்னால் எழுந்து வந்தது. பஸ் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். கடைக்காரர்கள் பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றார்கள். தெருவின் அகலத்துக்கு, வீட்டு மாடிகளின் உயரத்துக்கு, அது சத்தமே இல்லாமல் போனது. வழியில் அவருடைய தெரு. வீட்டு வாசலில் மனைவி இடுப்பில் ஒரு மூட்டையோடு நின்றாள்.

“என்னங்க, நில்லுங்க. இதையும் தூக்கிக்குங்க.”

“என்னடி இது?”

“என் மூட்டை. ஆறே மரியாதையா போய் நின்னுடுச்சு. நான் அடுப்படியில ஒளிஞ்சிட்டு இருக்கவா?”

“உள்ள போ. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். இதுமேலதான வந்தேன். இத அனுப்பினா என்னையும் அனுப்புங்க.”

அவள் தண்ணீரில் இறங்கினாள். அத்தனை உயரமான தண்ணீர் அவள் கணுக்காலோடு தாழ்ந்து நின்றது. கடைவீதிவரை ஆறு முழுவதும் அசைவற்றுப்போனது. அவர் மூட்டையை வாங்கினார். உள்ளே இரண்டு துணியும் ஒரு சீப்பும்தான். எத்தனையோ பேருடைய மூட்டைக்குக் கொடுத்த தோளை இதற்குக் கொடுக்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார். பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் ஆறு.

“எழுத்துல குடுங்க சார்,” என்றார் மேலதிகாரியிடம். “ரெண்டு பேருக்கும்.”

நாடு கடத்தும் ஆணையில் கையெழுத்திடுபவர் இந்த மண்ணிலேயே வழிவழியாகப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது அமைச்சகத்தின் விதி. அதுவரை யாரும் அதைச் சரிபார்த்ததில்லை. இப்போது சரிபார்க்கிற தண்ணீர் கூடத்துக்குள்ளேயே காத்திருந்தது. மேலதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார். அமைச்சர் வாசல்வரை வந்து, தண்ணீரின் பளபளப்பைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். அலுவலகம் மூடும்வரை கையெழுத்திட ஆள் கிடைக்கவில்லை.

“வீட்டுக்குப் போங்கம்மா,” என்றார் மேலதிகாரி. ஆற்றையும் பார்த்து, “நீங்களும்,” என்றார்.

அதன்பிறகு நாடு கடத்தும் ஆணை ஒன்றும் அந்தக் கட்டடத்திலிருந்து வெளிவரவில்லை. ஆறு படுகைக்குத் திரும்பியது. தெளிந்தது தெளிந்ததுதான், மறுபடி கலங்கவில்லை. பண்பாட்டுப் பிரிவு கரையில் படிகள் கட்டிக் கைப்பிடி வைத்தது. வழுக்கி விழாமல் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள எல்லைக்காரரை அங்கே போட்டார்கள். வெள்ளக்காலத்தில் படகுகள் வேகமாகப் போய்விடும். கோடையில் அருகே வரும், முகம் நன்றாகத் தெரியும். வேலை முடித்து வருகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தன் ஆட்களைக் காணோமே என்று யாராவது கேட்டால், பக்கத்தில் நிற்பவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கொஞ்சம் நில்லுங்க, வருவாங்க” என்கிறார். வருகிறார்கள்.